டிராக் பாடியவள்

காட்டூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்துக்குப் போய், ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சராக வேலை பார்த்தாள் பெலிண்டா. கோடை விடுமுறையில் சென்னைக்குப் போய், சினிமா இசையமைப்பாளர் சித்தார்த்தனுக்கு டிராக் பாடிக் கொடுப்பாள். பெரிய பாடகி வந்து பாடும்வரை மெட்டுக்குத் துணையாக இருக்கும் மாதிரிப் பாட்டு அது. பிறகு அழித்துவிடுவார்கள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை.

இந்த முறை அழிக்கவில்லை. பாட்டு யூடியூபில் வந்த அன்று கணவன் ரெஜிஸ் போனை நீட்டினான். இரண்டாவது சரணத்துக்கு முன்னால், சளி பிடித்த தொண்டையோடு அவள் இழுத்த மூச்சு அப்படியே இருந்தது. கீழே பெயர் மட்டும் ஒரு பிரபலப் பாடகியுடையது. எந்த ஆப்பில் தேடினாலும் அதே பெயர். இந்தக் குரலுக்குக் கோயில் கட்டலாம் என்று யாரோ எழுதியிருக்க, அந்தப் பாடகி பதிலுக்குக் கும்பிடு போட்டிருந்தாள்.

சித்தார்த்தனுக்குப் போன் செய்தாள். மேடம் ஊரில் இல்லை, ரிலீஸ் நெருங்கிவிட்டது, உங்கள் குரலும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருந்தது, இதையெல்லாம் பெரிதுபண்ணாதீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு அந்தப் பாடகியையே சிறப்பு விருந்தினராகக் கூட்டி வந்தார்கள். சால்வை போர்த்தும் வேலை பாட்டு டீச்சர் தலையில் விழுந்தது. பெலிண்டா சால்வையோடு மேடை ஓரத்தில் நின்றாள். ஸ்பீக்கரில் அவளுடைய குரல் ஓட, பாடகி மைக்கைப் பிடித்து வாயசைத்தாள். அந்த மூச்சு வந்த இடத்தில் பாடகி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் கவனிக்கவில்லை. பிரின்சிபால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் வாயில் மென்றுகொண்டிருந்ததை ஒருத்தி பிடுங்கித் தின்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது பெலிண்டாவுக்கு.

சால்வையைப் போர்த்தும்போது மெதுவாகச் சொன்னாள்.

"இது நான் பாடினதுங்க."

அந்த முகம் வெளிறும், கொஞ்சமாவது கூசும் என்று எதிர்பார்த்தாள். பாடகி கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே பதில் சொன்னாள்.

"தெரியுங்க, சித்தார்த்தன் சார் சொன்னாரு. நல்லா பாடியிருக்கீங்க. அடுத்த படத்துக்கும் நீங்களே பாடிடுங்க, எனக்கு டைம் இல்ல."

சொல்லிவிட்டு, போட்டோவுக்காக பெலிண்டாவின் தோளில் கையைப் போட்டாள். வியர்வையும் சென்ட்டும் கலந்த அந்தக் கையின் கனம், பஸ்ஸில் வீடு வரும்வரை தோளை விட்டுப் போகவில்லை. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்திருந்தது. பெலிண்டா மிஸ் கொடுத்துவைத்தவர் என்று எல்லாரும் வாழ்த்தியிருந்தார்கள்.

அடுத்த வாரம் சித்தார்த்தன் கூப்பிட்டார். இந்த முறை கூடுதலாகத் தருவதாகச் சொன்னார்.

"என் பேரைப் போட்டா வரேன் சார். இல்லன்னா வேற ஆளப் பாருங்க."

வேற ஆளுக்கா பஞ்சம் என்று சிரித்தார். பெலிண்டா போனை வைத்தாள். நல்ல வாய்ப்பை விட்டுவிட்டாயே என்று ரெஜிஸ் முனகினான். அவனிடமும் அவளுக்கு அன்று பேசப் பிடிக்கவில்லை.

சில மாதங்களில் அடுத்த பாட்டு வந்தது. அதே பிரபலத்தின் பெயர். குரல் வேறு, சின்னப் பெண்ணின் குரல். மேல் ஸ்தாயியில் ஏறும்போது பயந்து நடுங்கியது. யார் வீட்டுப் பெண்ணோ. பெலிண்டா பாதியில் நிறுத்திவிட்டு, இதைப் பாடிய பெண்ணின் பெயர் என்ன என்று கீழே எழுதினாள்.

பெயர்தான் மேலேயே போட்டிருக்கிறதே, கண் தெரியாதா என்று ஒருவன் பதில் எழுதினான். அதற்கு முந்நூறு லைக்.