விக்கல் எடுத்த மண்டபம்

“தங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும். ரவுட்டரை அணைத்துவிட்டு மீண்டும் போடவும். தங்கள் பொறுமைக்கு நன்றி.”

கம்பெனியின் உதவிப் பிரிவிலிருந்து ஆறாவது முறையாக இதே கடிதம் வந்தபோது கையில் இருந்த டம்ளரைச் சுவரில் அடித்திருப்பேன். பிளாஸ்டிக் டம்ளர், அடித்தாலும் திருப்தி கிடைத்திருக்காது. பொறுமைக்கு நன்றியாம்! என் பொறுமையை இவன் எங்கே பார்த்தான்? எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, அதனால் வீட்டில் ஆளுக்கொரு சைகைப் பெயர் உண்டு. என் பெயரைச் சொல்ல மூக்கு நுனியை இரண்டு விரலால் கிள்ளிக் காட்டுவான். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் என்று அர்த்தம். எனக்கு ஐந்து வயதில் வைத்தான், முப்பத்தாறிலும் மாற்றவில்லை.

என் பிழைப்பே நெட்வொர்க்தான். ஒன்பது மாடி ஆஸ்பத்திரியில் எந்த மாடியில் இணைப்பு போனாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். என்னிடம் வந்து ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார்கள்.

விஷயம் அண்ணனின் வகுப்பு. சனிக்கிழமை காலைகளில், அந்தக் கம்பெனி நடத்தும் ஒரு மெய்நிகர் உலகத்தில் அவன் சைகை மொழி கற்றுக்கொடுக்கிறான். படிக்கிறவர்கள் காது கேட்காத குழந்தைகளின் அம்மா அப்பாக்கள், மொத்தம் நாற்பது பேர். வீடியோ காலில் நாற்பது பேரைப் போட்டால் ஆளுக்கு ஒரு தபால்தலை அளவுதான் தெரியும். இந்த உலகத்தில் கண்ணாடிக் கருவியை மாட்டிக்கொண்டால் ஒரு பெரிய மண்டபத்தில் நிற்கலாம். நம் விரல் மடங்கினால் அங்கே நம் உருவத்தின் விரலும் மடங்கும். வாத்தியாரைச் சுற்றி வந்து, அவர் கையைப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் பார்க்கலாம். இதைவிட நல்ல வகுப்பறை அண்ணனுக்குக் கிடைத்ததே இல்லை.

அண்ணன் வாடகைக்கு எடுத்து அலங்கரித்திருந்த அந்த மண்டபம்தான் விக்க ஆரம்பித்தது. மற்றவர்கள் ‘லேக்’ என்பார்கள், அண்ணன் அதற்கு விக்கல் சைகையைத்தான் போடுவான். கை மார்பிலிருந்து கிளம்பும், அடுத்த கணம் நெற்றியில் இருக்கும், நடுவில் வந்த பாதையைக் காணோம். சைகை மொழியில் பாதைதான் பேச்சு. பாதி வார்த்தையை விழுங்கிவிட்டுப் பேசுகிறவனிடம் யார் மொழி கற்பார்கள்? இரண்டே மாதத்தில் நாற்பது பேர் இருபத்தாறு ஆனார்கள்.

“இருபதுக்குக் கீழ போச்சுன்னா மூடிடுவேன்,” என்று கையால் சொன்னான் அண்ணன். “பொறுமையா வர்றவங்கள ஏமாத்த முடியாது.”

“நீ எதையும் மூட வேண்டாம். நான் பாத்துக்கறேன்.”

“நீ பாத்தா யாராவது அழுவாங்களே.”

இணைப்பில் குறை இல்லை என்பதை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். வெவ்வேறு ஊர்களில் இருக்கும் இருபத்தாறு பேருக்கும் ஒரே நொடியில் விக்குகிறது. இருபத்தாறு ரவுட்டரும் கூடிப் பேசி வைத்தா விக்கும்? குறை மண்டபத்தை நடத்தும் கணினியில் இருக்கிறது. அது வினாடிக்கு நாற்பத்தைந்து முறை மண்டபத்தைச் சுற்றி வந்து யார் எங்கே நிற்கிறார், யாருடைய விரல் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். ஒரு சுற்றுக்கு இருபத்திரண்டு மில்லிசெகண்ட் நேரம். வழியில் வேறு வேலைகள் குறுக்கிட்டால் சுற்று தாமதமாகும், நாற்பத்தைந்து பன்னிரண்டாகும், விரல்கள் தாவும்.

அந்த வேறு வேலைகளை வியாழக்கிழமை உட்கார்ந்து தேடினேன். நடுவில் ஒரு நீரூற்று, ஒவ்வொரு துளிக்கும் தனிக் கணக்கு. அதைத் தூக்கினேன். பார்க்க ஆளில்லாதபோதும் ஓடிக்கொண்டிருந்த வீடியோ பலகையைத் தூக்கினேன். கூரையடியில் அறுபது பறவைகள், ஒன்றையொன்று இடிக்காமல் பறக்க ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. அவை அண்ணனுடைய செல்லம்.

“பறவையுமா?” என்றான்.

“பறவை வேணுமா, வகுப்பு வேணுமா?”

அறுபதையும் அழித்தேன். பிறகு, யார் எவ்வளவு சுமை ஏற்றுகிறார்கள் என்று கையும் களவுமாகப் பிடிக்க, நானே ஒரு சுமைமானி எழுதி அண்ணன் நிற்கும் மேடைக்குப் பின்னால் சுவரில் மாட்டினேன். உள்ளே வருகிற ஒவ்வொருவருடைய பெயரும் அதில் வரும், பக்கத்தில் பச்சையோ மஞ்சளோ சிவப்போ எரியும். அந்த உலகத்தில் உடை, நகை, தலைமுடி எல்லாவற்றிலும் குட்டி நிரல்கள் ஓடுகின்றன. மினுக்க ஒன்று, ஆட ஒன்று. யார் அதிகம் மினுக்குகிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று எனக்கு ஒரே குஷி.

சனிக்கிழமை. மண்டபம் முன்னைவிட மோசமாக விக்கியது. சுமைமானியில் ஒரே ஒரு பெயர் ரத்தச் சிவப்பாக எரிந்தது.

அவளை நாங்கள் கொண்டைக்காரி என்போம். ஆளைவிட உயரமான ஊதாக் கொண்டை, அதற்குள் மின்மினிகள், உச்சியில் சுற்றும் ஒரு நிலா. ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை, ஆனால் கை இன்னும் தடுமாறும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க அவள் முன்னால் போய் நின்றேன்.

“உங்க கொண்டையாலதான் எல்லாரும் கெடறாங்க. கழட்டுங்க.”

அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். விரல்கள் தாவின, ஒன்றும் புரியவில்லை. நானும் நிறுத்திக் கேட்கவில்லை.

“கழட்ட முடியலைன்னா வெளிய போங்க!”

கை பாதியில் நின்றது. பிறகு அவள் உருவம் மறைந்துவிட்டது. அண்ணன் மேடையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கொண்டை போயும் விக்கல் போகவில்லை. சிவப்பாக எரிய அடுத்த ஆள் யாரென்று தேடினேன், அதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க அண்ணன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை இருபத்தொரு பேர் வந்தார்கள். கொண்டைக்காரி இல்லை. வகுப்பு தொடங்கிக் கால் மணி நேரத்தில் அண்ணன் சட்டென்று கையை நிறுத்தினான். திரும்பி, சுவரிலிருந்த சுமைமானியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டான்.

“என்னண்ணா பண்ற?”

“நான் கையில பேசறேன், இவங்க எல்லாரும் உன் விளக்கைப் பாத்துட்டு நிக்கறாங்க. தன் பேரு எப்ப சிவப்பாகும்னு பயம். என் கையை எவன் பாக்கறான்?”

அந்தக் கேள்வி முழுசாக வந்தது. மார்பிலிருந்து புறப்பட்டு, வளைந்து, திரும்பி, ஒரு விரல்கூடத் தாவாமல் வந்தது. மண்டபமே கையைத் தூக்கி ஆட்டியது, அதுதான் சைகை மொழியில் கைதட்டல்.

நான் கணக்குத் திரையைத் திறந்தேன். சுற்று நாற்பத்தைந்துக்கு ஏறியிருந்தது. நிரல்களுக்கு ஆன நேரம் எழுபது மில்லிசெகண்டிலிருந்து மூன்றாகியிருந்தது.

என் சுமைமானி. ஒவ்வொருவர் பெயரையும், அவர்கள் உடுத்திய ஒவ்வொரு பொருளையும், வினாடிக்குப் பத்து முறை கேட்டுக்கொண்டிருந்தது. வியாழக்கிழமையே மண்டபம் சரியாகியிருக்கும். அன்றைக்கே நான் அதைக் கொண்டுபோய் மாட்டினேன். எல்லோர் சுமையையும் காட்டிய பட்டியலில் அதன் சுமை மட்டும் இல்லை, ஏனென்றால் அதை எழுதியவள் நான். ரவுட்டரை அணைக்கச் சொன்னவனைத் திட்டித் தீர்த்தேனே, நான் கொண்டையைக் கழட்டச் சொன்னேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

வகுப்பு முடிந்ததும் பக்கத்து அறைக்குப் போய் அண்ணனிடம் ஒப்புக்கொண்டேன். கண்ணாடிக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை என் கையைப் பார்த்தான்.

“அன்னைக்கு அவங்க என்ன சொல்ல வந்தாங்கன்னு தெரியுமா?”

“தெரியல.”

“எனக்குத் தெரிஞ்சுது. விக்கலோட படிச்சே பழகிட்டேன். ‘என் பொண்ணு செஞ்ச கொண்டை. அவ இப்பத்தான் என்கிட்ட பேச ஆரம்பிச்சிருக்கா.’ அவ்வளவுதான்.”

அன்றே கடிதம் எழுதினேன். அண்ணன் வாங்கிப் படித்தான். “‘மண்டபத்தில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால் தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ யாரு இந்த ‘வருந்துகிறோம்’? கம்பெனியில வேலைக்குச் சேந்துட்டியா?”

கடிதத்தைத் திரும்ப வாங்கி அழித்தேன்.

“கையாலதானே போகச் சொன்ன? கையாலயே கூப்பிடு,” என்று வீடியோ காலைப் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டான்.

திரையில் ஒரு சமையலறை தெரிந்தது. கொண்டைக்காரிக்குக் கொண்டையே இல்லை, ஒட்ட வெட்டிய முடி, தோளில் துண்டு. என்னை அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகியது. ஆறு வயதுப் பெண் ஒருத்தி ஓடி வந்து அவள் முழங்கைக்குக் கீழே தலையை நுழைத்தாள். யார் என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா மூக்கு நுனியைக் கிள்ளிக் காட்டினாள்.

என் பெயர் வகுப்பு முழுக்கப் பரவியிருக்கிறது.

குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் மூக்கு நுனி சிவந்துவிட்டது.

“என் கொண்டை என்ன தப்பு பண்ணுச்சு?”

சின்னக் கைகள். எதுவும் தாவவில்லை, எதுவும் விழுங்கப்படவில்லை, கோபம் உட்பட எல்லாம் முழுசாக வந்து சேர்ந்தது. அம்மா அவளைத் தடுக்கவில்லை, நான் சொல்லப்போகும் பதிலுக்காக அவளும் காத்திருந்தாள்.

“ஒண்ணுமே பண்ணல,” என்றேன் அந்தக் குழந்தையிடம். “தப்பு பண்ணினது நான்.”