தரைக்குத் தொட்டில்

வீட்டுக்காரம்மா கூடத்து மரத்தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, பலகை பலகையாக உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"ஒரு கீறல் இல்லையே தம்பி! ஆறு வருஷமா சைக்கிளை உள்ள வச்சுப் பிரிச்சிருக்கீங்க, ஒரு சொட்டு எண்ணெய்க்கறை இல்ல. உங்களை மாதிரி ஆளு எனக்கு இனிமே கிடைக்கமாட்டாங்க."

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல் இருந்தது. பக்கத்தில் என் மைத்துனன், என் மனைவியின் ஒரே தம்பி, புத்தகப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவள் செத்து ஏழு வாரம். நான் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன்.

அவளுடைய சைக்கிள் வெளியே படிக்கட்டுத் திருப்பத்தில் சாய்ந்து நின்றது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அன்று காலைதான் அவன் அதை மூன்று மாடி தூக்கி வந்தான். பின்சக்கரம் எட்டுப் போல் வளைந்திருந்தது. முன்சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்:

"முன் பிரேக் ஒயர் தொங்குது மாமா. அடிபட்டு அறுந்த மாதிரி தெரியல. நட்டே லூசு. அக்கா இப்படி எடுத்துட்டுப் போற ஆளா?"

"தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டேன். அதுதான் நான் சொன்ன பதில்.

அவள் அப்படி எடுத்துப் போகிற ஆள் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவள். மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிளைக் கூடத்தில் தலைகீழாக நிறுத்தி, செயினைக் கழற்றித் துடைத்து, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவாள். கீழே கூரையில்லாத முற்றம், மாடிப்படியில் வீட்டுக்காரம்மாவின் தடை; கூடத்தை விட்டால் வேறு இடம் கிடையாது.

தரை என் பொறுப்பு. அச்சகத்தில் பிழைதிருத்துகிறவன் நான். கறை என்றால் கண் அங்கேதான் போகும். நானே ஒரு முறை வகுத்திருந்தேன். முதலில் பெருக்க வேண்டும், ஒரு மணல் பொடி அடியில் சிக்கினாலும் பலகையில் கோடு விழும். அதன்மேல் பழைய போர்வை. போர்வைமேல் பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, மேலே செய்தித்தாள். தரையில் ஊன்றும் கைப்பிடிகளுக்கு என் பழைய காலுறைகள். செயினுக்கு அடியில் ஒரு தட்டு. எல்லாம் முடிய இருபது நிமிடம் ஆகும். அதற்கு முன் அவள் ஒரு திருகைத் தொடக்கூடாது.

"தரைக்குத் தொட்டில் கட்டியாச்சா?" என்பாள், ஸ்பேனரை ஆட்டிக்கொண்டு. "தாலாட்டும் பாடிட்டு வாங்க, நான் காத்திருக்கேன்."

ஒருமுறை தட்டையும் விரிப்பையும் தாண்டி ஒரு சொட்டு எண்ணெய் தரையில் விழுந்துவிட்டது. முகப்பவுடரைக் கொட்டி ஊறவைத்துத் துடைத்தேன், மறுபடி கொட்டினேன். அரை டப்பா காலி. "நான் விழுந்தா இவ்வளவு பவுடர் போடுவீங்களா?" என்று கேட்டாள். சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயிலேயே அறையத் தோன்றுகிறது.

அந்தப் புதன்கிழமை காலை ஏழரை மணி. இரவெல்லாம் மழை. வேலைக்குக் கிளம்பியவள், சைக்கிளைக் கதவுப்பக்கம் உருட்டி முன் பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். பிடி கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது, ஆனால் ரப்பர் கட்டை சக்கரத்தைத் தொடவில்லை.

"ஏங்க, ஒயர் நழுவிருச்சு. இங்க வந்து ரெண்டு பக்கமும் அமுக்கிப் பிடிங்க, நான் இழுத்து முடுக்கிடறேன். ரெண்டே நிமிஷம்."

அந்த வேலைக்கு மூன்று கை வேண்டும். பிரேக்கின் இரண்டு பக்கங்களையும் சக்கரத்தோடு சேர்த்து அமுக்க ஒன்று, ஒயரை இழுக்க ஒன்று, நட்டை முடுக்க ஒன்று. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டாள். நான் என்ன செய்தேன்? "இரு, டயர்ல ஈரம் இருக்கு, விரிச்சிடறேன்" என்று போர்வை தேடப் போனேன். அது துவைக்கப் போட்டிருந்தது. வேறொன்றைத் தேடினேன்.

"ஐயோ, எட்டு மணிக்குக் கடை திறக்கணும். பின் பிரேக் இருக்குல்ல, சாயங்காலம் பாத்துக்கலாம். நீங்க உங்க புள்ளையைத் தூங்க வைங்க" என்றாள்.

நான் போர்வையோடு கூடத்துக்கு வந்தபோது அவள் படியிறங்கிவிட்டாள். பாலத்துச் சரிவு. ஈரச் சாலை. குறுக்கே திரும்பிய வேன். பின் பிரேக் மட்டும் போதவில்லை.

"என் பலகையெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு" என்று வீட்டுக்காரம்மா மறுபடி ஆரம்பித்தார்.

நான் வெளியே போய்ச் சைக்கிளைத் தூக்கி வந்து, வெறும் தரையில் தலைகீழாகக் கவிழ்த்தேன். பிரேக் பிடிகள் இரண்டும் பலகையில் குத்தின. வேண்டுமென்றே ஒரு முழம் இழுத்தேன்.

"தம்பி! தரை! தரை!"

"தரையா? தரை ஒண்ணும் சாகாதும்மா!"

அவர் சுவரோரம் ஒதுங்கினார். கருவிப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். மைத்துனனைப் பார்க்காமலே சொன்னேன்: "அன்னைக்குக் காலையில அக்கா என்னைத்தான் கூப்பிட்டா. ரெண்டு நிமிஷம் பிடிங்கன்னா. தரை அழுக்காகும்னு நான் போர்வை தேடப் போனேன். அவ லேட்டாயிருச்சுன்னு அப்படியே போயிட்டா."

கயிறு கட்டும் சத்தம் நின்றது.

ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையால் ஒயரை இழுத்தேன். நட்டை முடுக்கக் கையில்லை. விட்டுவிட்டு முடுக்கினேன், ஒயர் நழுவியது. மறுபடி நழுவியது. மூன்றாவது தடவை ஸ்பேனர் தெறித்துப் பலகையில் விழுந்து ஒரு சில்லைப் பெயர்த்தது. அவளைத் திட்டினேன், ஒயரைத் திட்டினேன், வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன்.

அவன் வந்து எதிரே மண்டியிட்டான். என் கையைத் தட்டிவிட்டு, பிரேக்கின் இரண்டு பக்கங்களையும் அமுக்கிப் பிடித்தான். நான் இழுத்தேன். முடுக்கினேன்.

அவன் முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டான். அது விர்ரென்று சுழன்றது. பிடியை அழுத்தினான். அந்த இடத்திலேயே நின்றது.

அவன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்ளோதானா?" என்றான்.

எப்போதும் வாக்கியத்தின் முடிவில் வருகிற "மாமா" வரவில்லை. பதிலுக்கும் அவன் காத்திருக்கவில்லை. அக்காவின் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். பாதி கட்டிய பெட்டி அங்கேயே கிடந்தது.

வீட்டுக்காரம்மா முந்தானை நுனியில் எச்சில் தொட்டுக் கீறலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தேய்க்காதீங்க, அது போகாது" என்றேன்.