சோற்றுத் தூக்கில் வைத்த ரேடியோ

விடிந்ததிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். படகிலிருந்து ஒரு பதிலும் இல்லை. லைட்ஹவுஸ் குப்பத்து ஏரிக்கரையில் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தாமோதரன் சார் வாட்ச்சைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி வாட்ச்சைப் பார்ப்பார். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே தலைவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படகில் போயிருந்த, கேட்கவும் பேசவும் முடிகிற ரேடியோ நான் செய்தது. படகு ஆடினால் அதில் கேட்கும் பேச்சு சிதைந்துபோகும். நேராக வரும் சிக்னலோடு தண்ணீரில் பட்டுத் திரும்புவதும் கலந்துவிடும். அதற்காகக் கரையிலிருந்து ஒரே மாதிரியான ஒரு ஒலி அடிக்கடி போகும். அது எப்படி இருக்க வேண்டும் என்று ரேடியோவுக்குத் தெரியும். வந்து சேர்ந்தது எவ்வளவு கோணியிருக்கிறது என்று அளந்து, பேச்சை அதற்கேற்பச் சரிசெய்யும். இந்த அளவெடுப்புதான் பேட்டரியைக் குடித்துத் தீர்த்தது. அதனால், நன்றாகக் கேட்டால் எப்போதாவது அள, மோசமாகக் கேட்டால் விடாமல் அள என்று சர்க்யூட்டை மாற்றியிருந்தேன். ஒரே பேட்டரியில் சாயங்காலம் வரை பேச வேண்டும். இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவதாகச் சார் சொல்லிவிட்டார்.

எண்பத்தாறில் இதற்கு யார் படகு தருவார்கள்? செங்கல்வராயன் அண்ணன் தந்தார். ஏரியில் வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பெயர். முறை வைத்துத்தான் கிடைக்கும், முறை இல்லாத நாளில் வலை கட்ட முடியாது. அன்று அவர் முறை.

மத்தியானம் படகு திரும்பியது. அண்ணன் இறங்கி, மூடி போட்ட அலுமினியத் தூக்கை என் கையில் பத்திரமாகக் கொடுத்தார். திறந்தேன். ஆன்டெனாவை மடக்கி, துணி சுற்றி, உள்ளே என் ரேடியோ. பேட்டரி செத்துப்போயிருந்தது.

"இன்னாண்ணே இது?"

"தண்ணி பட்டா கெட்டுடும்னு உங்க அண்ணிதான் சோத்துத் தூக்குல வெக்கச் சொல்லிச்சு. ஒரு சொட்டு படலம்மா."

எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. அலுமினியத்துக்குள் எந்த சிக்னல் நுழையும்? ஒன்றுமே கேட்காததை மிக மோசமாகக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்த அறிவுகெட்ட ரேடியோ விடாமல் அளந்து அளந்தே செத்திருக்கிறது. அதற்கு அந்த அறிவைக் கொடுத்தவள் நான்தானே.

"சார், ஒண்ணுமே கேக்கலைன்னா தூங்கிடுன்னு ஒரு கம்பி மாத்தணும், அவ்வளவுதான். நாளைக்கு ஒரு நாள் இருங்க."

"போதும் மஸூதா. ஜீப் காத்துட்டிருக்கு."

அண்ணனைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "நாளைக்கி முனியன் முறைம்மா. எனக்கு வர இன்னும் நாளாவும்."

ஜீப் போய்விட்டது. நான் மண்ணில் உட்கார்ந்து யாரையெல்லாம் திட்டலாமோ அத்தனை பேரையும் திட்டினேன். அண்ணனின் மனைவி மணியம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"நீ சோறு தண்ணி இல்லாம செஞ்ச சாமானாச்சே. நனைய வுடுவனா? இப்டி ஆவும்னு தெரியலியே கண்ணு." புருஷன் பக்கம் திரும்பினாள். "நாளைக்கி இத எடுத்துக்கினு ஏரிக்குப் போ. சாய்ங்காலம் வரைக்கும் அங்கயே நில்லு."

"வலை இல்லாமயா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

மறுநாள் கம்பி மாறியிருந்தது. ரேடியோ வெட்டவெளியில், திறந்த பிரம்புக் கூடையில் போனது. செங்கல்வராயன் அண்ணன் வலை இல்லாமல் ஏரி நடுவில் நாள் முழுக்க வெயிலில் நின்றார். போகிற வருகிற படகெல்லாம் அவரைக் கிண்டல் செய்வதும் எனக்கு ரேடியோவில் கேட்டது. கூப்பிட்டபோதெல்லாம் பதில் வந்தது. பொழுது சாய்ந்த பிறகும் குரல் கணீரென்றுதான் இருந்தது. முந்தின நாள் தாமோதரன் சார் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாகக் கிடந்தது.

"மஸூதாம்மா, கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுண்ணே."

"எங்க போயிடப் போறாரு, ஆபீசரு மனசு மாறித் திரும்பி வந்திருப்பாருன்னு உங்க அண்ணி காத்தால சொல்லிச்சு. அவருக்கும் கேக்குதா?"

பக்கத்தில் நின்றிருந்த மணியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குதுண்ணே," என்றேன்.