ஆறு மூட்டையில் ஓர் அரிசி

தென்னூரில் அரிசி மண்டி நடத்தும் இளவரசனுக்குக் குத்தூசி சொன்னால்தான் வேதவாக்கு. மூட்டையில் ஒரு குத்து, குழலில் வழியும் ஒரு பிடி அரிசி, அவ்வளவுதான். முழு லோடுக்கும் விலை சொல்லிவிடுவான். இதுவரை ஏமாந்ததில்லை. வம்பே அதில்தான் வந்தது. உலகத்தையே மூட்டையாக நினைக்க ஆரம்பித்துவிட்டான்.

குழந்தைக்காகப் போன வருஷம் அவனும் மனைவி வேணியும் ஆஸ்பத்திரிக்கு அலைந்து, ஊசியும் மருந்துமாக ஒருமுறை முயன்றார்கள். கரு நிற்கவில்லை. "குத்திப் பாத்தாச்சு, சரியில்ல. விட்டுடு வேணி" என்றான். இரண்டாவது முறைக்கென்று அவள் ஒதுக்கிய ஒன்றரை லட்சம் பாங்கில் சும்மா கிடந்தது. அப்புறம் ஒரு கல்யாணத்துக்குப் பாலக்காடு போனவன், வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஐம்பது ரூபாய்க்கு ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கினான். அதற்கு ஐயாயிரம் விழுந்தது. கேட்க வேண்டுமா?

"ஒத்தக் குத்துக்கே இப்படின்னா மூட்டை எப்படி இருக்கும்!" என்று குதித்தான். அந்த ஒன்றரை லட்சத்துக்கும் சீட்டு வாங்கப் போவதாகச் சொல்லி, ரயிலுக்கும் டிக்கெட் போட்டுவிட்டான்.

வேணி ஸ்ரீரங்கத்தில் கணக்கு டீச்சர். அழுதால் அவன் சமாதானம் சொல்வான், பணம் போனது போனதுதான் என்று அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எண்ணி எடுத்த ஆயிரம் அரிசியோடு மண்டிக்கு வந்து, தராசில் கொட்டினாள். பதினைந்து கிராம் காட்டியது.

"அந்தக் குலுக்கல்ல ஒரு கோடிச் சீட்டுங்க. ஒரு கோடி அரிசின்னா நூத்தம்பது கிலோ. உங்க இருபத்தஞ்சு கிலோ மூட்டைல ஆறு."

"ஆறுதானா?" என்று சிரித்தான்.

"பிரிச்சுக் கொட்டுங்களேன், பாக்கலாம்."

வீறாப்பாகத் தார்ப்பாயை விரித்துக் கொட்டினான். பேப்பர் திருத்தும் பேனாவால் ஓர் அரிசியில் அவள் சிவப்பு தடவி, "முதல் பரிசு இதுதாங்க" என்று கொடுத்தாள். அவனே அதை வீசி, பலகையால் குவியலைப் புரட்டினான்.

"ஒண்ணரை லட்சத்துக்கு மூவாயிரம் சீட்டு. மூவாயிரம் அரிசி நாப்பத்தஞ்சு கிராம், ஒரு பிடி. எடுங்க."

எடுத்தான். எல்லாம் வெள்ளை. இன்னொரு பிடி. வெள்ளை. "இருங்க" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு மண்டி போட்டு, முழங்கை வரை கையை விட்டு அள்ளினான். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. கொஞ்ச நேரத்தில் அள்ளுவதை நிறுத்திவிட்டான். பிறந்ததிலிருந்து அரிசிக்குள்ளேயே புழங்குகிறவன், அரிசியை அன்றுதான் பார்ப்பவன் போல வாய் பிளந்து உட்கார்ந்திருந்தான்.

"அம்மாடி, ஒரு கோடின்னா இவ்ளோவா?"

வேணியும் குவியலோரம் வந்து உட்கார்ந்தாள். கரும்பலகையில் ஏழு சைபரை எத்தனையோ தடவை எழுதி அழித்திருக்கிறாள். அது இப்படி மலையாக எழுந்து நிற்கும் என்று நினைத்ததே இல்லை. அதற்குள் எங்கேயோ அந்தச் சிவப்பும் இருக்கிறது, குலுக்கல்தோறும் யார் கைக்கோ அது போய்ச் சேரவும் செய்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

கையில் ஒட்டிய தவிட்டைத் துடைத்தபடி அவன் கேட்டான்: "டாக்டர் நமக்குக் கரு நிக்க எத்தனைல ஒண்ணுன்னு சொன்னாங்க?"

அவன் உள்ளங்கையை விரித்து நாலு அரிசி வைத்தாள். ஒன்றில் சிவப்பு தடவினாள்.

அவன் நாலையும் விரலால் மெல்லத் தள்ளி எண்ணினான்.

"மீதி மூணும் வெள்ளைதாங்க" என்றாள். பொய் நம்பிக்கை கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. "இந்தத் தடவையும் நிக்காமப் போகலாம்."

"தெரியுது" என்றான். குவியலை ஒருமுறை பார்த்தான், திரும்பக் கையைப் பார்த்தான். "ஆனா இது கண்ணுக்குத் தெரியுதே, வேணி."