எதிர்வெயில்

பெலிண்டா கண்ணை மூடிக்கொண்டு தகட்டின் மேல் நகத்தை ஓட்டினாள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பாலிஷ் போதும். எங்காவது தட்டினால் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைப் போட்டு இழைக்க வேண்டும். இந்தத் தகட்டில் பத்து இடத்தில் தட்டியது, அதற்கு மேல் அவள் எண்ணவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் வலது பாதி முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல்கள், அடிப்பிடித்த வாணலியைத் தேய்த்துவைத்த மாதிரி.

"எல்லாம் டிரைவரம்மா பண்ண வேலை. தேங்கா நாரப் போட்டுத் தேச்சிருக்கு," என்றார் அரவிந்தன். ஸ்ரீரங்கத்தில் வண்டிகள் நிறுத்துமிடத்திலிருந்து கோபுர வாசல் வரைக்கும் வயதானவர்களை ஏற்றிப்போகும் எட்டு பேட்டரி கார்களுக்கு அவர்தான் மேனேஜர். அந்த எட்டில் ஒன்றின் முன்கண்ணாடி இது. பழைய போர்வையில் சுற்றி, ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார்.

"புதுசே வாங்கிப் போட்டுடலாமே சார்?"

"வர்றதுக்குப் பத்து நாளாகும்மா. இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஆள் வர்றாங்க. நாலு மணிக்கு வந்து எடுத்துக்கறேன், ஒரு கோடு தெரியக் கூடாது." யார் வருகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் பின்னால் இருக்கிறது பெலிண்டாவின் கடை. பைக்குகளின் முன்தடுப்புகள், ஹெல்மெட் முகப்புகள், எப்போதாவது இப்படி ஒரு பெரிய தகடு. எல்லோரும் அதைக் கண்ணாடி என்றுதான் சொல்கிறார்கள். அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். கண்ணாடி தாங்குவதை அது தாங்காது. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைப்பவர்கள், மாதா ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டுபவர்கள், காய்ந்த புழுதியைச் சட்டைக்கையால் அழுத்தித் துடைத்துவிட்டு 'என்னமோ தெரியல, மங்கிடுச்சு' என்பவர்கள், ஒவ்வொருவர் மேலும் அவளுக்குத் தனித்தனியாகக் கோபம் இருந்தது. முகம் தெரியாத அந்த டிரைவரம்மா அன்றைக்கு எல்லோரையும் முந்திக்கொண்டாள்.

இந்த வேலையில் ஒரு கொடுமை உண்டு. கீறலைப் போக்க, கீறல் இல்லாத இடத்தையும் சேர்த்துக் கீற வேண்டும். முரட்டுத் தாளில் தொடங்கி, தண்ணீர் விட்டு விட்டு, ஒருமுறை குறுக்கே, ஒருமுறை நெடுக்கே. சிறிது நேரத்தில் தகடு முழுவதும் மார்கழிப் பனி இறங்கிய மாதிரி வெளுத்துவிடும். முதன்முறை பார்ப்பவர்கள் கெட்டது போ என்று நினைப்பார்கள். பிறகு தாள் மெலிதாக ஆக ஆகப் பனி விலகும். கடைசியில் மெஷினில் பஞ்சுச் சக்கரத்தை மாட்டி, சூடேறாமல் மெதுவாக ஓட்டினால், அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் வந்துவிடும். அவளுக்குப் பிடித்த நிமிடம் அது. அதற்காகத்தான் மற்ற நேரமெல்லாம் தோள்வலியோடு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மணிக்குள் இடது பாதி முடிந்துவிட்டது. வலது பாதியில் கீழிருந்து தொடங்கி ஒரு சாண் ஏறியிருந்தாள். வாசலில் யாரோ வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றார்கள். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, ஐம்பது வயதிருக்கும்.

"ஏம்மா, பேட்டரி கார் கண்ணாடி இங்கதான் வந்திருக்கா?"

பெலிண்டா நிமிர்ந்தாள். "நாரப் போட்டுத் தேச்ச மகராசி நீங்கதானா?"

"ஆமா, நாந்தான். எங்க வீட்டுச் சட்டின்னு நெனச்சிட்டேன்."

"வாய் வேற. ஒரு துணி கெடைக்கலயா உங்களுக்கு?"

"கேட்டேன். 'ஏன் அழகம்மா, பட்டுத்துணி வேணுமா'ன்னாரு உங்க அரவிந்தன் சாரு." அழகம்மாள் உள்ளே வந்து தகட்டைப் பார்த்தாள். வெளுத்துக் கிடந்த கீழ்ப்பகுதியைப் பார்த்ததும் குரல் உயர்ந்துவிட்டது. "அதுக்குள்ள தேச்சிட்டியா? அடிப்பாவி, தேச்சிட்டியா?"

அவள் கொட்டியதைப் பெலிண்டா ஈரக்கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் எட்டு வண்டிகளுக்கும் முன்னால் திருமண் குழைத்துப் பெரிய நாமம் போட வேண்டும், அது முதலாளி உத்தரவு. எதிரே வருகிறவர்களுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டுமாம், அதனால் டிரைவரின் முகத்துக்கு நேராக. பழைய நாமம் திட்டுத் திட்டாக நின்றால் முதலாளிக்கு ஆகாது. அதனால் முதலில் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். அதற்குக் கொடுப்பது ஒரு பிடி நாரும் பாத்திரப் பவுடரும். ஒன்றரை வருடமாக வாராவாரம்.

"சாயங்காலம் தெக்குச் சித்திரை வீதில மேக்கப் பாத்துத் திருப்புனா மூஞ்சிக்கு நேரா மத்தாப்பு கொளுத்துனாப்ல இருக்கும். மூணு தடவ சொன்னேன். என் பொண்ணு கையால எழுதியும் குடுத்தேன். 'நாமத்தையா கொற சொல்ற'ன்னு கேட்டாங்க. நானும் அந்தப் பெருமாளத்தான கும்புடறேன், நான் ஏன் நாமத்தக் கொற சொல்றேன்? தண்ணி குடு, துணி குடுன்னேன். அவ்வளவுதான்."

"அப்பறம்?"

"போன சனிக்கிழமை ஒருத்தர இடிச்சிட்டேன்." அழகம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "உப்பிலியபுரத்துக்காரர். எழுவது வயசு. இடுப்பு எலும்பு போச்சு. சத்தியமா எனக்கு ஆளே தெரியலம்மா. வெளிச்சந்தான் தெரிஞ்சுது, அப்பறம் அந்தச் சத்தம். நான் போன் பேசிக்கிட்டே ஓட்டுனேன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியப் பாக்க வர்றாரு. பிரேக் நல்லாருக்கு, கண்ணாடியும் பளபளன்னு இருக்குன்னா, மிச்சம் யாரு? நாந்தான."

பெலிண்டா தன் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் வெள்ளைச் சேறு. காலையிலிருந்து இந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே, இந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே சாட்சியைக் கரைத்துச் சாக்கடையில் விட்டிருக்கிறாள். 'யார் வர்றாங்க?' என்று அரவிந்தனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் அவர் ஒவ்வொரு முறையும் இங்கேயே வருகிறார் என்பது இப்போதுதான் புரிந்தது. நாரைக் கொடுத்தவன், உத்தரவு போட்டவன், தாளைக் கையில் எடுத்தவள். இந்த வரிசையில் தான் மூன்றாவதாக நிற்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எவ்வளவு போச்சு?" என்றாள் அழகம்மாள்.

"கீழ ஒரு சாண்."

"என் கண்ணு அதுக்கு மேலதான இருக்கு."

மீதியை அப்படியே இன்ஸ்பெக்டரிடம் காட்டிவிடலாம் என்று பெலிண்டா தகட்டைக் கழுவி, போர்வையை விரித்துச் சுற்றத் தொடங்கியபோதே அரவிந்தன் வந்துவிட்டார். மணி நாலாக இன்னும் கால் மணி இருந்தது. ஸ்டூலில் இருந்தவளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "உனக்கு இங்க என்ன வேலை?" பிறகு தகட்டைப் பார்த்தார். "என்ன பெலிண்டா, பாதிதான் ஆயிருக்கு?"

"மீதி பண்ணப் போறதில்ல சார்."

"வெளயாடுறியா?"

"நீங்கதான் வெளயாடுனீங்க. என் கையால."

"எட்டு வண்டி வேலையும் உனக்குத்தான் குடுத்துட்டிருக்கேன். நாளைக்கே வேற எடத்துக்குப் போயிடும்."

"போகட்டும்."

அவர் சிரித்தார். "சரி, பாதி தேச்ச கண்ணாடி யாருக்கு சாட்சி? நல்லாத்தான் குடுத்தேன், இந்தப் பொண்ணு கெடுத்து வச்சிருக்குன்னு சொல்லுவேன். அப்ப என்ன பண்ணுவ?"

அவர் சொல்வார், செய்யக்கூடியவர்தான். சொன்னால் நம்பவும் நம்புவார்கள். அவர் போர்வையின் ஒரு முனையைப் பிடித்தார். பெலிண்டா மறுமுனையை விடவில்லை.

"இழுங்க சார். நல்லா இழுங்க. ரெண்டாப் போச்சுன்னா அதுக்கும் நார்தான் காரணம்னு சொல்லுவீங்களா?"

ஸ்கேன் சென்டருக்கு வந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அரவிந்தன் கையை எடுத்துவிட்டு, ஸ்கூட்டரை உதைத்தார். "வா. அங்க வந்து பேசு. பாக்கறேன்."

ஸ்ரீரங்கத்துக்குப் பிடித்த ஆட்டோவில் தகடு உள்ளே நேராக நிற்கவில்லை. இரண்டு பேரின் மடியிலும் குறுக்காக வைத்து, சுவராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். மெயின்கார்டு கேட் தாண்டியது. கீழ்ச்சாணில் உலர்ந்துகொண்டிருந்த வெண்மையை அழகம்மாள் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, சட்டையில் துடைத்துக்கொண்டாள். "உம்மேலயும் கேசு போடுவான்மா அவன்," என்றாள். "போடட்டும்," என்றாள் பெலிண்டா. தகட்டின் விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

காவிரிப் பாலத்தில் ஏறியதும் இடது பக்கத்திலிருந்து வெயில் படுக்கையாக உள்ளே விழுந்தது. போர்வை காற்றில் நழுவியது. தகட்டின் ஒரு பாதியில் ஆறு துல்லியமாக இருந்தது, மணல் திட்டு, ஒற்றை நூலாக ஓடும் தண்ணீர், துணி துவைக்கும் ஒருவர். மறுபாதியில் எதுவுமே இல்லை. வட்டத்துக்குள் வட்டமாக எரிந்துகொண்டிருந்த வெளிச்சம் மட்டும்தான்.

"யக்கா, அதக் கொஞ்சம் சாச்சு வைங்க," என்றார் ஆட்டோக்காரர், பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்து முகத்தைச் சுளித்தபடி. "கண்ணு கூசுது, ரோடே தெரியல."

இரண்டு பேரும் அதைச் சாய்க்கவில்லை. அவர் வேகத்தைக் குறைத்து, ஒரு கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, பாலத்தின் ஓரமாகவே ஓட்டிப்போனார்.