கிளப் தரை

ராணுவம் கிளம்பிப் போனபிறகு, அதிகாரிகளின் கிளப்பை ஆளாளுக்கு ஒரு கை பார்த்துவிட்டார்கள். தானியக் கிடங்கு, பிறகு நீதிமன்றம், கடைசியில் உடைந்த மேசைகளுக்குப் புகலிடம். இப்போது அதைப் பக்கவாதம் வந்தவர்களுக்கான சிகிச்சை நிலையமாக மாற்றும் வேலை ஒரு பெண் இன்ஜினியரிடம் வந்தது.

நடனக் கூடத்தின் மரத்தரையைப் பெயர்த்து டைல்ஸ் போடச் சொல்லியிருந்தார்கள். ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடியில் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்கள், அவற்றைத் தாங்கி வளைந்த இரும்புப் பட்டைகள். ஆடுகிறவர்களின் கால் நோகாதபடி தரையே கொஞ்சம் இறங்கிக் கொடுத்தது.

பிசியோதெரபிஸ்டை வரவழைத்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ரெண்டு குதி குதித்தார்.

"மேடம், டைல்ஸ்ல விழுந்தா இடுப்பெலும்பு போச்சு. இதுல விழுந்தா எந்திரிச்சு என்னைத் திட்டிட்டு மறுபடி நடப்பாங்க. தொடாதீங்க."

மேலதிகாரி லேசில் மசியவில்லை. முழங்கால் வலிக்காரரான அவரையும் இழுத்துவந்து நடக்கவிட்டாள். நாலு சுற்று சுற்றிவிட்டு, "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

திறந்த வாரமே தன் அப்பாவைக் கூட்டிவந்தாள். ராணுவத்தில் ஜீப் ஓட்டியவர். பக்கவாதத்தில் இடது கால் விழுந்ததிலிருந்து கட்டிலும் கோபமுமாக இருந்தார். முன்வாசலில், படிகளுக்குப் பக்கத்தில் புதிதாகப் போட்டிருந்த சரிவுப் பாதையின் முன்னால் நின்றுவிட்டார்.

"பின்பக்கமாப் போலாம்மா."

"ஏம்ப்பா?"

"டிரைவருங்க இந்த வாசல்ல ஏறக்கூடாது. ஆபீசரை இறக்கிவிட்டுட்டு மரத்தடியில நிப்போம். பேண்டு சத்தம் மட்டும் கேக்கும்."

"இந்தச் சரிவை உங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தாம்ப்பா போட்டேன். வாங்க."

உள்ளே வந்ததும் அண்ணாந்து பார்த்தார். உயரமான ஜன்னல்கள்; மேலே சுவரோடு ஒட்டிய ஒரு சின்ன பால்கனி.

"அங்கதான் பேண்டு வாசிப்பாங்களா? இத்தனூண்டு இடத்துலயா?"

நடைப் பயிற்சிக்காகப் போட்டிருந்த கம்பியைப் பிடித்துக் காலை ஊன்றினார். தரை மெல்ல இறங்கி அவரைத் தூக்கிவிட்டது. முதலில் பயந்தார், அப்புறம் சிரித்துவிட்டார். மகள் தாங்க வந்தபோது, "கைய எடு, நானே வரேன்" என்று அதட்டினார். பாதிக் கூடம் நடந்தார். வேர்த்துக் கொட்டியும் உட்கார மறுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீயும் வா."

"எனக்கென்ன? என் கால் நல்லாத்தானே இருக்கு?"

"சும்மா வந்து பாரேன். நல்ல கட்டடம்."

அம்மா அன்றைக்கே புடவை எடுத்து வைத்தாள்.