சுமை இறக்கும்வரை

என் கணவர் வேடியப்பன் ஓடப் பழகியது எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடையில். மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தில் இருபத்தாறு மைல் ஓட்டப் பந்தயம் நடக்கப்போகிறது என்று ஒடுகத்தூர் புளி மண்டி மஜீத் பாய் நோட்டீஸ் கொடுத்தனுப்பியிருந்தார். வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஜமுனாமரத்தூரில் விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்தவள். மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கோடையில் மட்டும் காட்டில் தீக்காவல் வேலை. முதல் மழை விழுந்ததும் வேலை போய்விடும். அப்புறம் குடகு மலைக் காப்பித் தோட்டத்துக்குப் போனால், திரும்பி வரும்போது தை முடிந்திருக்கும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒரு மழைக்காலத்தைக்கூட நாங்கள் ஒரே கூரையின் கீழ் கழித்ததில்லை. முதல் மூன்று பேருக்குள் வந்து சான்றிதழ் வாங்கிவிட்டால் நிரந்தரக் காவலர் வேலைக்கு எழுதுவதாக ரேஞ்சர் சொல்லியிருந்தார். பந்தயத்தில் அவரைவிட எனக்குத்தான் ஆசை அதிகம்.

ஆனால் பழக நேரம் ஏது? விடிந்ததிலிருந்து பத்தரை வரை புளி உலுக்க வேண்டும், பொறுக்க வேண்டும், ஓடு தட்ட வேண்டும். மூன்று மணிக்கு, காலையிலிருந்து காவல் நிற்கும் சடையன் அண்ணனிடமிருந்து தீக்காவலை மாற்றிக்கொள்ள வேண்டும். இருட்டிய பிறகுதான் வீடு. மிச்சம் இருந்தது உச்சி வெயில் மட்டும்.

"பந்தயமும் வெயில்லதானமே? வெயில்ல ஓடறவன் வெயில்லதான் பழகணும்" என்றார்.

வீட்டிலிருந்து வனத்துறை செக்போஸ்ட் நாலரை மைல். போய்வந்தால் ஒன்பது. நான் டைம்பீஸைப் பார்த்து ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில் நேரத்தை எழுதுவேன். முதல் வாரம் இரண்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் குறைவு. சித்திரைப் பாதியில் ஒன்றரை மணி நேரத்துக்கு வந்துவிட்டார். நேரம் குறையக் குறைய நான் மழைக்காலத்தை நினைத்துக்கொள்வேன். கூரையை எந்தப் பக்கம் மாற்றி வேயச் சொல்வது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

சடையன் அண்ணன் வழியில் பார்த்தால் சும்மா விட மாட்டார்.

"இன்னா வேடி, கரடி எதனா தொரத்துதா?"

"கரடி இல்லண்ணா. உன் தங்கச்சி பச்சைதான் தொரத்துறா."

ஊரெல்லாம் அந்தப் பேச்சைச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

எங்கள் மலையில் சுமை தூக்குகிறவர்களுக்கு ஒரு கட்டு உண்டு. தலையில் சுமை ஏறிவிட்டால் இறக்கும்வரை தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் விலா பிடித்துக்கொள்ளும், பாதி வழியில் விழுந்துவிடுவான் என்பார்கள். நாக்கு வறண்டால் உப்புப் போட்ட புளியைக் கொட்டையோடு ஒரு விரற்கடை கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். ஓட்டத்துக்கும் அதையே வைத்துக்கொண்டோம். சுமைக்காரர்கள் கோழி கூவும்போது கிளம்பி வெயில் ஏறுவதற்குள் அடிவாரம் சேர்ந்துவிடுவார்கள். அது விடியற்காலைக்கான கட்டு. எனக்கு இது தோன்ற வெகுநாள் ஆயிற்று.

மஜீத் பாய் ஒருவர்தான் சொன்னார். சந்தைக்குப் புளி கொண்டுபோயிருந்தோம். மூட்டையை இறக்கியதும் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு நீட்டினார்.

"குடிப்பா வேடி. ஒதடு வெடிச்சிக் கெடக்குது."

அவர் சொம்பைப் பார்த்தார். நான்தான் முந்திக்கொண்டேன். "இப்பவே மேல ஓடணும் பாய். வூட்டுக்குப் போய்ட்டுதான் குடிப்பாரு."

"எங்களுக்கு வருசத்துல முப்பது நாளு நோம்பும்மா. பகல்ல தண்ணி இல்லாம இருக்கறது இன்னான்னு எனக்குத் தெரியும். அந்த மாசம் நாங்க ஓடறது இல்ல. நெழல்ல ஒக்கார்றோம்" என்றார் பாய்.

"நீங்க சும்மா நாள்லயும் எங்க பாய் ஓடறீங்க?" என்று அவர் பாயின் தொந்தியைக் காட்டிச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பாய் சிரித்துக்கொண்டே அந்தத் தண்ணீரைத் தாகத்தோடு நின்ற ஒரு கன்றுக்குட்டிக்கு வைத்தார்.

பந்தயத்துக்கு எட்டு நாள் இருந்தது. அன்று செக்போஸ்ட்டுக்கு இரண்டு தடவை போய்வர வேண்டும் என்று முன்பே பேசிவைத்திருந்தோம். ஆனால் விடிந்ததும் கிழக்குச் சரிவில் தீ. பச்சைக் கிளையை ஒடித்து அடித்து, பத்தரை வரை எல்லோரும் தீயோடு நின்றார்கள். அவர் வரும்போது முகமெல்லாம் கரி. கண் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. நேராகப் பானைக்குப் போய்ச் சொம்பை முக்கி எடுத்தார்.

"மாமா, இன்னிக்கி ஓட்டம் உண்டா இல்லியா?" என்றேன்.

"ஓடணும்."

"ஓடறதா இருந்தா குடிக்காத. குடிச்சிட்டு ஓடி விலா புடிச்சிக்கினா எட்டு நாள்ல சரியாவாது."

கையில் சொம்போடு கொஞ்ச நேரம் நின்றார். 'இன்று வேண்டாம், படுங்கள்' என்று நான் சொல்லியிருக்கலாம். மணி பதினொன்று ஆகப்போகிறதே என்று டைம்பீஸைப் பார்த்தேன். அதை அவரும் பார்த்தார். புளியை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "தொரத்துறியே பச்சை" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

முதல் தடவை வந்து வாசலைத் தொட்டுத் திரும்பியபோது வழக்கத்தைவிட ஆறு நிமிஷம் அதிகமாகியிருந்தது. நேரத்தை எழுதினேன். அவர் உடம்பில் வியர்வை இல்லாததைப் பார்த்தேன். வெயிலுக்குப் பழகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.

இரண்டாவது தடவை அவர் திரும்பவில்லை. மூன்று மணிக்குக் காவல் மாற்ற ஆள் வராததைப் பார்த்துத் தேடிப்போன சடையன் அண்ணன்தான் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கத்து வளைவில் கண்டார். நான் ஓடிப்போனபோது உயிர் இருந்தது. உடம்பு அடுப்புக்கல்லாகச் சுட்டது. என்னைப் பார்த்து, "மழ வந்துட்ச்சா?" என்று கேட்டார். வாயில் ஊற்றிய தண்ணீர் கடைவாய் வழியே வெளியே வந்தது. கட்டிலில் வைத்து அடிவாரத்துக்குத் தூக்கிப்போனார்கள். பாதி மலையிலேயே திருப்பிக்கொண்டுவந்தார்கள். குளிப்பாட்டும்போது மங்கம்மாள் அத்தை அவர் கன்னத்திலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் மஜீத் பாய் வந்தார். அதற்கு முன் அவர் மலை ஏறியதில்லை. உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கி தண்ணி எதனா குடிச்சாராம்மா?"

ஊர்க்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"குடிச்சாரு பாய். ஒரு சொம்பு குடிச்சிட்டுதான் ஓடனாரு."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். சடையன் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அதானே பார்த்தேன். குடிச்சிட்டு ஓடிக்கிறான். விலா புடிச்சிக்கிச்சி" என்றார்.

ஊர் அதையே பிடித்துக்கொண்டது. சுமைக்குப் புதிதாக வரும் பையன்கள் வழியில் சுனையைக் கண்டு நின்றால், வேடியப்பன் குடித்துவிட்டு ஓடிச் செத்த கதையைச் சொல்லித்தான் இழுத்துப் போகிறார்கள். இப்போது வெயிலிலும் சுமையோடு மலை இறங்குகிறார்கள். எனக்குக் கேட்கிற தூரத்தில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள். வாயைத் திறந்ததில்லை.

அவர் குடிக்கவில்லை. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. சொம்பை அவர் கையிலிருந்து வாங்கி, தண்ணீரைப் பானையிலேயே திரும்ப ஊற்றியவள் நான்.